பெனபெர்த்தில் எரிந்த மரம்

1936 செப்டம்பர் 8. விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. வேல்ஸின் வடமேற்கு மூலையில், கடலுக்குள் கை நீட்டியதுபோல் கிடக்கும் லீன் தீபகற்பத்தில், புல்ஹெலி என்ற சின்ன ஊரின் போலீஸ் ஸ்டேஷனுக்குள் மூன்று பேர் வருகிறார்கள். காவல்துறைத் தலைவருக்கு என்று ஒரு கடிதம் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்தில் பெனபெர்த் என்ற இடத்தில் பிரிட்டிஷ் விமானப்படை குண்டுவீச்சுப் பயிற்சிப் பள்ளி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. அதன் கொட்டகைகளுக்கும் அடுக்கி வைத்திருந்த மரத்துக்கும் தீ வைத்தது நாங்கள்தான், பொறுப்பு எங்களுடையது என்பது கடிதத்தின் சாரம்.

ஒருவர் ஸ்வான்சீ பல்கலைக்கழகக் கல்லூரியின் விரிவுரையாளர், நாடகாசிரியர் சாண்டர்ஸ் லூயிஸ். இன்னொருவர் பாப்டிஸ்ட் சபைப் போதகர் லூயிஸ் வாலண்டைன். மூன்றாமவர் டி. ஜே. வில்லியம்ஸ், பள்ளிக்கூட வாத்தியார், வெல்ஷ் மொழியின் நல்ல சிறுகதைக்காரர்களில் ஒருவர். முதல் இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள், முதல் உலகப்போரில் சீருடை போட்டவர்கள். வில்லியம்ஸுக்கு வயது 51. இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஏதோ வயசுக் கோளாறுல பண்ணிட்டாங்க என்று தள்ளிவிட முடியாத ஆட்கள்.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். பிடிக்கும் என்பதாலேயே கொஞ்சம் சந்தேகத்தோடும் பார்க்க வேண்டியிருக்கிறது. மொழிக்காகச் சிறைக்குப் போனவர் என்று கேட்டதுமே தமிழில் வாசிக்கிற நமக்கு மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்தபிறகு கேள்வி கேட்பது கஷ்டம். செய்ததை மறைக்காமல், தண்டனையை வாங்கிக்கொள்ளத் தானே போய் நின்றால், செய்தது நியாயமாகிவிடுமா? ஒரு மக்கள் கூட்டத்துக்காக என்று மூன்று பேர் தீக்குச்சி உரசும்போது, அந்தக் கூட்டத்தில் பலர் அந்தக் கட்டிடத்தை விரும்பினார்கள் என்றால்?

அன்றைய வேல்ஸின் நிலைமை தெரியாமல் இதற்குள் போகமுடியாது. 1911 கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் 43.5 சதவீதம் பேர் வெல்ஷ் பேசினார்கள். 1921-இல் அது 37.1. 1931-இல் 36.8. வெல்ஷ் மட்டுமே தெரிந்தவர்கள் அந்தக் கடைசிக் கணக்கில் ஒரு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். நீதிமன்ற மொழி ஆங்கிலம். 1536-ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தபோதே அப்படி ஆக்கிவிட்டது. பெனபெர்த் எரிந்த வருடம் அந்தச் சட்டத்தின் நானூறாவது வருடம்.

இதையெல்லாம் ஒரு சின்ன வட்டம் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. 1922-இல் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் குழந்தைகளுக்காக ‘ஊர்த்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். வெல்ஷில் விளையாட, பாட, முகாம் போட. 1939-இல் அவர் அபெரிஸ்ட்வித் நகரில் வெல்ஷ் வழியில் சொல்லிக்கொடுக்கும் முதல் தொடக்கப்பள்ளியைத் திறந்தபோது சேர்ந்த பிள்ளைகள் ஏழு பேர். ஐஸ்டெத்வொத் என்ற கவிதை, இசைப் பெருவிழா ஆண்டுதோறும் ஊர் ஊராகக் கூடும்; 1925-இல் அது புல்ஹெலிக்கு வந்தது. அந்த வாரத்தில் அங்கே ஒரு மதுவிலக்கு ஹோட்டலில் ஆறு பேர் உட்கார்ந்து வேல்ஸ் தேசியக் கட்சியை உருவாக்கினார்கள். இன்றைய ப்ளைட் கம்ரிதான் அது. 1929 தேர்தலில் அதன் முதல் வேட்பாளராக நின்றவர் வாலண்டைன். கிடைத்த வாக்குகள் 609.

609. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெனபெர்த்தில் பேசப்பட்டது ஒரு தேசத்தின் பெயரால்.

போர் எதிர்ப்பு மட்டும் அப்படிச் சிறுவட்டமாக இருக்கவில்லை. 1923-இல் வேல்ஸ் பெண்கள், அமெரிக்கா சர்வதேச சங்கத்தில் சேரவேண்டும், இனிப் போர் வேண்டாம் என்று அமெரிக்கப் பெண்களுக்கு எழுதிய மனுவில் 3,90,296 கையெழுத்துகள். மொத்த மக்கள்தொகை 26 லட்சம் சொச்சமாக இருந்த நாட்டில்! வீடு வீடாகப் போய் வாங்கியது. ஒரு ஓக் மரப்பெட்டியில் வைத்து அட்லாண்டிக் தாண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். லீன் கரையில் குண்டு போடப் பழகும் இடம் வருகிறது என்றதும் கோபப்பட்டவர்கள் எல்லோரும் தேசியவாதிகள் இல்லை. சிற்றாலயங்களில் ஞாயிறு தோறும் உட்கார்ந்து அமைதியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள்.

பள்ளிக்கு முதலில் இங்கிலாந்துக்குள் வேறு இடங்கள்தான் யோசிக்கப்பட்டன. டார்செட்டில் ஆபட்ஸ்பரி: அங்கே அன்னங்கள் குஞ்சு பொரிக்கின்றன என்று எதிர்ப்பு. நார்தம்பர்லண்டில் ஹோலி தீவுப் பக்கம்: அங்கேயும் பறவைகள். எதிர்ப்பு வந்ததும் திட்டம் நகர்ந்தது. லீன் தீபகற்பத்தில் பறவைகளைத் தவிர, பல நூற்றாண்டுகளாக அறுபடாத ஒரு மொழியும், என்லித் தீவுக்குப் புனித யாத்திரை போனவர்களின் பழைய பாதையும், புலவர்களை ஆதரித்த பெனபெர்த் பண்ணைவீடும் இருந்தன. சபைகளும் சங்கங்களும் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டன. மொத்தமாக ஐந்து லட்சம் பேரின் சார்பில் எதிர்ப்பு என்று கணக்குச் சொன்னார்கள். பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் தூதுக்குழுவைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். பண்ணைவீடு இடிக்கப்பட்டது.

இந்த இடத்தில் கதை ஒரு பக்கமாக ஓடத் தயாராகிறது. அன்னத்துக்கு இருந்த மரியாதை ஒரு மொழிக்கு இல்லையா என்று கேட்டால் யாரால் பதில் சொல்லமுடியும்? ஆனால் 1936 மே மாதம் புல்ஹெலியில் நடந்த எதிர்ப்புக் கூட்டத்தை லண்டன்காரர்கள் வந்து குலைக்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் குலைத்தார்கள். கூச்சல் போட்டுப் பேச்சாளர்களைப் பேசவிடாமல் பண்ணினார்கள். அந்த ஊரின் வீட்டு மொழி வெல்ஷ். யாருடைய மொழியைக் காப்பாற்ற மேடை போடப்பட்டதோ அவர்கள்தான் மேடையைக் கத்தி அடக்கியது. காரணம் சிக்கலானது ஒன்றும் இல்லை. பள்ளி வந்தால் கட்டுமான வேலை வரும், கடைகளில் வியாபாரம் வரும், வாரக் கூலி வரும். 1936-இல் வாரக் கூலி என்பது என்னவென்று புரிய, நாம் தெற்கு வேல்ஸுக்கு இறங்கவேண்டும்.

தெற்கின் பள்ளத்தாக்குகள் நிலக்கரியாலும் இரும்பாலும் ஆனவை. டௌலைஸ் இரும்பாலை 1930-இல் பெரும்பாலும் மூடப்பட்டது. அதை நம்பி இருந்த மெர்த்தர் டிட்வில் நகரமே வேலையில்லாத நகரமாயிற்று. நிவாரணப் பணத்துக்கு 1931-இல் ‘மீன்ஸ் டெஸ்ட்’ என்ற சோதனை வந்தது. அதிகாரி வீட்டுக்கு வருவார். வீட்டில் யார் யாருக்கு எவ்வளவு வருமானம் என்று பார்ப்பார். பையன் ஏதாவது சம்பாதித்தால் அப்பாவின் பணம் குறையும். அதனால் பையன்கள் வீட்டைவிட்டுப் போனார்கள். அப்பாவின் பங்கைக் காப்பாற்ற மகன் வெளியேறுகிற வீடு! இந்த ஒரு விவரத்தை என்னால் எளிதில் தாண்டிப் போகமுடியவில்லை. பணத்தை மிச்சம் பிடிக்க எழுதிய ஒரு விதி, அப்பனையும் மகனையும் ஒரே மேசையில் உட்கார விடாமல் செய்துவிட்டது.

போனவர்கள் எங்கே போனார்கள்? ஆக்ஸ்ஃபோர்டு கௌலி கார் ஆலைக்கு, ஸ்லௌவுக்கு, கவென்ட்ரிக்கு, லண்டனுக்கு. 1928-இல் அரசே தொழிலாளர் இடமாற்ற வாரியம் ஒன்றை அமைத்து இந்த நகர்வுக்கு உதவியது. இரண்டு போர்களுக்கு இடையில் வேல்ஸை விட்டு வெளியேறியவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். அவர்களில் வெல்ஷ் பேசியவர்கள் கணிசம். ரோண்டா பள்ளத்தாக்கின் சிற்றாலயத்தில் வெல்ஷில் பாடிய குடும்பத்தின் பேரப்பிள்ளை ஸ்லௌவில் என்ன மொழி பேசியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

1935 பிப்ரவரியில் நிவாரணத் தொகையை மேலும் குறைக்கும் புதிய விதிகள் வந்தன. மூன்று லட்சம் பேர் பள்ளத்தாக்குகளில் ஊர்வலம் போனதாகச் சொல்கிறார்கள். பிப்ரவரி 4 அன்று மெர்த்தரில் பெண்கள் முன்னால் நின்ற கூட்டம் நிவாரண அலுவலகத்துக்குள் புகுந்தது. கண்ணாடிகள் நொறுங்கின, கோப்புகள் நாசமாயின. மறுநாள் அரசு அந்தக் குறைப்பை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

பெனபெர்த்தையும் மெர்த்தரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஒன்று இலக்கிய வரலாற்றில் இருக்கிறது, இன்னொன்று தொழிலாளர் வரலாற்றில். இரண்டுக்கும் நடுவில் பத்தொன்பது மாதமும் சில நாட்களும்தான். இரண்டிலும் அரசின் சொத்துக்குச் சேதம். மெர்த்தர் பெண்கள் யாரும் கடிதம் எழுதிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அவர்களிடம் ஒழுக்கத் தத்துவம் கேட்டால் சிரித்திருப்பார்கள். ஆனால் அவர்கள் உடைத்தது தங்கள் வீட்டுத் தட்டில் கைவைத்த அலுவலகத்தை. நட்டமும் அவர்களுடையது, கோபமும் அவர்களுடையது, மாட்டிக்கொண்டால் சிறையும் அவர்களுடையது. யாருடைய பெயராலும் அவர்கள் பேசவேண்டியிருக்கவில்லை. மூவர் நிலை அப்படி இல்லை. அவர்கள் தங்களுக்காகச் சிறையை ஏற்றுக்கொண்டார்கள். புல்ஹெலிக்காரனுக்காக அவனுடைய வாரக் கூலியையும் அவர்களே விட்டுக்கொடுத்தார்கள். முதலாவதுக்கு உரிமை உண்டு. இரண்டாவதை அவனிடம் கேட்டுத்தானே செய்யணும்?

இதற்கு மூவர் தரப்பில் வலுவான பதில் இருக்கிறது. 1936 அக்டோபரில் கயர்நார்வன் நீதிமன்றத்தில் சாண்டர்ஸ் லூயிஸ் ஜூரியிடம் நீண்ட உரை ஒன்று நிகழ்த்தினார். அரசின் சட்டத்துக்கு மேலே ஒரு ஒழுக்கச் சட்டம் இருக்கிறது, கிறிஸ்தவ மரபு முழுக்க அதைத்தான் சொல்கிறது, அமைதியான எல்லா வழியும் அடைபட்ட பிறகே நாங்கள் இதைச் செய்தோம் என்பது வாதம். அவருடைய பார்வையில் மொழி, இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் வாக்குப் போட்டு விற்கக்கூடிய பொருள் கிடையாது. செத்தவர்களுக்கும் பிறக்கப்போகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. பசியில் இருக்கும் ஒருவர் தாத்தாவின் நிலத்தை விற்கிறார் என்றால் நாம் அவரைக் குறை சொல்லமாட்டோம். ஆனாலும் பேரன் சார்பில் ஒருவர் குறுக்கே வந்து நின்றால் அவரையும் குறை சொல்லமுடியாது. எனக்கு இந்த வாதத்தில் பாதி உடன்பாடு. மீதிப் பாதியில், குறுக்கே நிற்பவர் அந்தப் பசிக்கு என்ன செய்தார் என்ற கேள்வி முள்ளாக இருக்கிறது.

அந்த இரவு பெனபெர்த்தில் நான்காவதாக ஒருவரும் பேசப்பட்டார். இரவுக் காவலாளி. தன்னை இரண்டு பேர் பிடித்துத் தாக்கினார்கள் என்று அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். மூவரும் உறுதியாக மறுத்தார்கள். யாருக்கும் உடலில் காயம் படக்கூடாது என்பது அவர்கள் திட்டத்தின் மையம். அன்றைக்கு அவர்களுக்கு வேறு சிலரும் உதவினார்கள் என்பது பிற்பாடு வெளியே வந்தது. அவர்களை மறைத்து மூவர் மட்டும் முன்னால் நின்றார்கள். யார் சொன்னது உண்மை என்பதற்குள் நான் போகவில்லை. கவனிக்கவேண்டியது வேறு: தத்துவமும் சபையும் இலக்கியமும் கூடி நிற்கிற அந்த நீதிமன்றத்தில், ராத்திரி கூலிக்குக் காவல் இருந்த ஒரே ஆள் தேசியக் கதையில் பொய்சாட்சியாகவும் தொந்தரவாகவும் மட்டுமே மிஞ்சினார். தூய செயலுக்கு இப்படி ஒரு கூலிக்காரர் எப்போதும் இடைஞ்சல்தான்.

ஜூரி அந்த ஊர்க்காரர்கள். மூவரும் தாங்கள்தான் செய்தோம் என்று சொன்ன வழக்கில் அவர்களால் ஒருமித்த தீர்ப்புக்கு வரமுடியவில்லை. சட்டப்படி பார்த்தால் இது அபத்தம். எனக்கென்னவோ, இந்தக் கதையிலேயே நேர்மையான ஒழுக்கத் தீர்ப்பு இதுதான் என்று தோன்றுகிறது. பன்னிரண்டு பேர் ஒரு அறைக்குள் உட்கார்ந்து, குற்றம் என்றும் சொல்லமுடியாமல் இல்லை என்றும் சொல்லமுடியாமல் வெளியே வந்து அதையே சொன்னார்கள். அந்தத் திணறலை அரசு பொறுக்கவில்லை. வழக்கை லண்டன் ஓல்ட் பெய்லிக்கு மாற்றியது. அங்கே 1937 ஜனவரியில் ஒன்பது மாதச் சிறை. பெனபெர்த்தில் தீ வைத்ததை ஏற்காத எத்தனையோ பேர் இந்த இடமாற்றத்தால் கொதித்துப்போனார்கள். சொந்த ஊர் திணறினால் லண்டன் தெளிவாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் ஆளப்படுபவருக்கு தான் ஆளப்படுகிறோம் என்பது உறைக்கும்.

தீர்ப்பு வருவதற்கு முன்பே லூயிஸின் கல்லூரி வேலை போய்விட்டது. மற்ற இருவரும் சிறையிலிருந்து திரும்பி, ஒருவர் தம் சபைக்கும் ஒருவர் தம் வகுப்பறைக்கும் போகமுடிந்தது. லூயிஸுக்கு அடுத்த பல்கலைக்கழக வேலை கிடைக்க 1952 ஆயிற்று. நடுவில் பத்திரிகைக் கட்டுரைகள், சின்னச் சின்ன வேலைகள் என்று ஓட்டினார். சொந்த வாரக் கூலியை இழப்பது என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரிந்துபோனது. இதை அவர் கணக்கில் வரவு வைக்காமல் அவரை விமர்சிப்பது நியாயமில்லை.

வைத்துவிட்டே விமர்சிக்கிறேன். முப்பதுகளின் தொடக்கத்தில் லூயிஸ் எழுதிய கட்சிக் கொள்கை, வேளாண்மையே வேல்ஸின் முதன்மைத் தொழிலாக வேண்டும், தெற்குப் பள்ளத்தாக்குகளில் ஆலைகளும் சுரங்கங்களும் நீங்கவேண்டும் என்றது. அப்படியானால் அங்கிருந்த லட்சக்கணக்கான பேர்? அவர்களுக்கு அந்தத் திட்டத்தில் முகம் இல்லை. 1939-இல் அவர் எழுதிய ‘ஒய் டிலிவ்’, பிரளயம் என்று பொருள்படும் கவிதை, மெர்த்தர், டௌலைஸ் பக்கத்து வேலையற்றவர்களை அருவருப்போடு பார்க்கிறது; யூதர்கள்மீதான அன்றைய வெறுப்பும் அதில் இருக்கிறது. ரசிகர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் தாழ்வதை நீங்கள் கவனிக்கலாம். அவர் கவிதையில் குமட்டிய அதே ஜனங்கள் எல்லோரும் மொழியைக் கைவிட்டவர்களும் இல்லை. பள்ளத்தாக்குகளில் அப்போதும் லட்சக்கணக்கில் வெல்ஷ் பேசுகிறவர்கள் இருந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு பிடித்து நூலகங்கள் கட்டியிருந்தார்கள். லீன் போன்ற ஒரு பச்சைநிலம்தான் வேல்ஸ் என்று மனசில் வரைந்துகொண்டவருக்கு, கரிப்புகைக்குள் இருந்த மொழி கண்ணில் படவில்லை.

இங்கேதான் ‘மொழியா சோறா’ என்ற கேள்வியே கோணலாகக் கேட்கப்படுகிறது என்று எனக்குப் படுகிறது. வெல்ஷுக்கு அந்த இருபது ஆண்டுகளில் விழுந்த பெரிய அடி, ஆளைப் பெட்டியும் கையுமாக ரயிலேற்றிவிட்ட அலுவலகத்திலிருந்து வந்தது. அந்த இடமாற்றத்தைத் தேசியவாதிகள் எதிர்த்து எழுதினார்கள்; தீ வைக்கத் தோன்றியது பண்ணைவீடு இடிந்தபோதுதான். விமானப் பள்ளி வந்தால் லீன் பையனுக்கு ஊரிலேயே வேலை, அதனால் மொழியும் ஊரிலேயே இருக்கும் என்று ஒரு புல்ஹெலிக் கடைக்காரர் வாதாடியிருந்தால் அதை எப்படி மறுப்பது? இந்தப் பக்கமும் ஓட்டை உண்டு. வேலை வந்தால் போதும் என்று இருந்த பல ஊர்களில் வேலையும் வந்து ஆங்கிலமும் வந்து, இரண்டு தலைமுறையில் பாட்டியோடு பேசப் பேரனுக்கு ஆள் தேவைப்பட்டது. ரொட்டியைப் பற்றி மட்டும் பேசியவர்கள், அதை எந்த மொழியில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது என்பதை அற்பமாக நினைத்தார்கள்.

இரண்டையும் ஒரே கையில் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். ரோண்டாவில் வாத்தியாராக இருந்த, தேசியக் கட்சிக்காரரான கிட்சனர் டேவிஸ், வேலையில்லாமை ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்தை எப்படி அழுகவைக்கிறது என்று ‘கும் க்லோ’ என்ற நாடகத்தை வெல்ஷில் எழுதினார். 1934 ஐஸ்டெத்வொத்தில் நடுவர்கள் அதைப் போட்டியிலேயே சிறந்தது என்றார்கள், ஆனால் மேடைக்கு ஏற்றதல்ல என்று பரிசை மறுத்துவிட்டார்கள். பண்பாட்டைக் காப்பாற்றுகிற இடத்தில் பசி கொஞ்சம் அசிங்கமாகத் தெரிந்திருக்கிறது. அதே விழாவில் பரிசைப் பகிர்ந்துகொண்ட நாவல் கேட் ராபர்ட்ஸுடையது. வடக்கின் கல்குவாரிக் குடும்பம் ஒன்றின் கடனும் கூலியும்தான் அதன் கதை. கவிஞர் க்வெனல்ட்டின் அப்பா ஆலையில் உருகிய உலோகம் கொட்டிச் செத்தார். முதல் உலகப்போரில் சண்டைக்குப் போக மறுத்து, பிற்பாடு மூவரும் அடைக்கப்பட்ட அதே வார்ம்வுட் ஸ்கரப்ஸ் சிறையில் க்வெனல்ட் இருந்திருக்கிறார். இவர்களுக்கெல்லாம் மொழி என்பது சோற்றுத் தட்டுக்கு எதிரில் வைத்த பூஜைப்பொருளாக இருக்கவில்லை.

மூவர் செய்தது தப்பு என்கிறேனா? இல்லை. பால்ட்வின் கதவைத் திறந்து அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தால்கூட என் பதில் வேறாக இருந்திருக்கலாம். கேட்கமாட்டேன் என்று சொன்ன அரசின் மரக்கட்டைகள் எரிந்ததற்காக எனக்கு வருத்தம் இல்லை. மூவரும் திரும்பி வந்தபோது கயர்நார்வனில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். நீதிமன்றத்தில் வெல்ஷுக்கு இடம் கேட்டு 1938-இல் பெரிய மனு இயக்கம் தொடங்கியது. 1942-இல் சட்டம் கொஞ்சம் இறங்கி வந்தது. இவ்வளவும் அந்தத் தீயிலிருந்து வந்த வெளிச்சம் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்கு நிற்கமாட்டேன். நான் சொல்லவருவது, தீ வைத்தவர் கொடுத்த விலையை மட்டும் எண்ணிவிட்டுப் புத்தகத்தை மூடக்கூடாது என்பது. கூட்டத்தைக் குலைத்த புல்ஹெலிக்காரரைத் துரோகி என்று எழுதிவிட்டால் கணக்குச் சுலபமாக முடிந்துவிடும். அவரும் வெல்ஷில்தான் கத்தியிருப்பார்.

பள்ளி நிற்கவில்லை. எரிந்ததை மறுபடி கட்டி 1937 தொடக்கத்தில் திறந்துவிட்டார்கள். பென்ரோஸ் விமானதளம் என்று பெயர். அங்கே குண்டு போடப் பழகியவர்கள் ஹிட்லருக்கு எதிரான போருக்குப் போனார்கள். 1940-இல் ஜெர்மன் விமானங்கள் அந்தத் தளத்தின்மீதே குண்டு போட்டன. போர் முடிந்ததும் விமானப்படைக்கு அந்த இடம் தேவைப்படவில்லை. பிரிட்டனோடு சேர்ந்து சண்டையிட்ட போலந்துக்காரர்கள், போரில் ஜெயித்தும் ஊர் திரும்பமுடியாமல் நின்றவர்கள், அங்கே குடிவைக்கப்பட்டார்கள். 1949-இலிருந்து அது போலந்துக் கிராமம். கொட்டகைகளில் குடித்தனம், ஒரு கத்தோலிக்கக் கோயில், போலிஷ் மொழியில் பூசை. வயதானவர்கள் பல பத்தாண்டுகள் அந்த மொழியிலேயே பேசி, அங்கேயே செத்துப்போனார்கள். மூவருக்கான நினைவுக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. இரவுக் காவலாளிக்குக் கல் இல்லை.